2030 வாசலுக்கு வந்துவிட்டது: ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சர் அவர்கள், அமைச்சகச் செயலர் அவர்கள், 2009-இல் தொடங்கிய காலநிலை மாற்ற மதிப்பீட்டு வலையமைப்பில் உழைத்த அறிவியலாளர்கள்.

வணக்கம்.

2010 நவம்பரில் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட ஓர் அறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை, கடற்கரை என்று நான்கு நிலப்பகுதிகள். வேளாண்மை, நீர், காடும் பல்லுயிரும், மக்கள் நலம் என்று நான்கு துறைகள். 2030-களில் இவையெல்லாம் எப்படி இருக்கும் என்று நம் நாட்டு அறிவியலாளர்களே கணித்துச் சொன்ன அறிக்கை அது. அப்போது 2030 இருபது ஆண்டுத் தொலைவில் இருந்தது. இன்று வாசலில் நிற்கிறது. அன்று சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று நாட்டுக்குச் சொல்லும் பொறுப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் தருமபுரி மாவட்டத்தில் புவியியல் நடத்தும் ஆசிரியர். வகுப்பில் இருப்பவர்களில் பலர் மானாவாரி நிலத்துப் பிள்ளைகள். கேழ்வரகும் சாமையும் விளையும் நிலம், மாந்தோப்பு, புளியமரம், அதை நம்பிய வீடு. காலநிலை மாற்றம் என்று பாடம் எடுத்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்க ஊர்ல என்ன ஆகும் சார்?" இதற்குப் பதில் தேடிப் போனால் உலக அளவில் ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கைகள் கிடைக்கின்றன. நம் நாட்டு அளவில் தேடினால், அந்த 2010 அறிக்கைக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து சேர வேண்டியிருக்கிறது.

அந்த அறிக்கையைத் தயாரித்த வலையமைப்பு எப்படி உருவானது என்று இன்றைய வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 2008 ஜூன் 30 அன்று பிரதமர் மன்மோகன் சிங் எட்டு இயக்கங்கள் கொண்ட தேசியக் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டார். திட்டம் இருந்தது, ஆனால் அதற்கு வேண்டிய அளவீடுகள் பழையவை. பசுங்குடில் வாயு உமிழ்வைப் பற்றி அரசு அதுவரை வெளியிட்டிருந்த கணக்கு 1994-ஆம் ஆண்டுக்கானது. இந்த நிலையில் 2009 அக்டோபரில், ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்தபோது, காலநிலை மாற்ற மதிப்பீட்டுக்கான இந்திய வலையமைப்பு தொடங்கப்பட்டது. ஐ.என்.சி.சி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். 120-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் 220-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் அதில் இணைந்தார்கள். புதிதாக ஒரு கட்டடம் எழுப்பவில்லை. வேளாண் ஆராய்ச்சி நிலையம், வானிலை நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் என்று தனித்தனிக் கூரையின் கீழ் இருந்தவர்களை ஒரே கேள்வியின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

வேலை வேகமாகவே நடந்தது. 2010 மே மாதத்தில் 2007-ஆம் ஆண்டுக்கான உமிழ்வுக் கணக்கு வெளிவந்தது. காடுகளும் நிலமும் உறிஞ்சியதைக் கழித்து நிகரமாக 172.7 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயு. அதில் 58 விழுக்காடு எரிசக்தித் துறை, 22 தொழில்துறை, 17 வேளாண்மை, 3 கழிவு. பதின்மூன்று ஆண்டு இடைவெளியை ஒரே தாவலில் கடந்தார்கள். அடுத்த ஆறே மாதத்தில் நான் முதலில் சொன்ன அறிக்கையும் வந்தது.

இப்படியொரு வலையமைப்பு ஏன் தேவை என்பதை அதே காலத்துப் பனிப்பாறை விவகாரம் தெளிவாகக் காட்டியது. 2035-க்குள் இமயமலைப் பனிப்பாறைகள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. அதற்குச் சரியான அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெரிந்ததும் 2010 ஜனவரியில் அந்த அமைப்பு வருத்தம் தெரிவித்தது. அதற்குச் சற்று முன்பு, 2009 நவம்பரில், உங்கள் அமைச்சகம் நிலவியலாளர் வி.கே. ரைனா எழுதிய விவாதக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தது. பனிப்பாறைகள் வழக்கத்துக்கு மாறாகச் சுருங்குவதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அதன் சாரம். சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்குப் போகாத கட்டுரை அது. பத்திரிகைகள் இதை இந்தியாவுக்கும் ஐ.பி.சி.சி.க்கும் நடந்த சண்டையாக எழுதின. எனக்கு அதில் தெரிவது வேறு. இந்திய இமயமலையில் மட்டும் 9,500-க்கும் மேற்பட்ட பனிப்பாறைகள் உண்டு. அவற்றில் ஆண்டுதோறும் எவ்வளவு பனி சேர்கிறது, எவ்வளவு கரைகிறது என்று நேரில் போய்த் தொடர்ந்து அளக்கப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இமாச்சலத்தின் சோட்டா சிக்ரியில் அந்தத் தொடர் அளவீடு 2002-இல்தான் தொடங்கியது. கங்கையையும் சிந்துவையும் நம்பிக் கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில், இரண்டு தரப்பும் போதிய அளவீடு இல்லாமலே பேசிக்கொண்டிருந்தன.

சரி, 2010 கணிப்புக்கு வருகிறேன். பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய பிரெசிஸ் என்ற வட்டாரக் கணினி மாதிரியை வைத்துப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் கணக்கிட்டது. உமிழ்வு ஒரு நடுத்தரப் பாதையில் போனால், 1970-களை ஒப்பிட 2030-களில் ஆண்டுச் சராசரி வெப்பம் 1.7 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை கூடும் என்றது. பயிர், காடு, நோய் பற்றி அறிக்கையின் மற்ற அத்தியாயங்கள் சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்த எண்ணின் மேல் நிற்பவை.

பத்து ஆண்டு கழித்து, 2020 ஜூனில், புவி அறிவியல் அமைச்சகம் இந்திய நிலப்பகுதியின் காலநிலை மாற்றம் குறித்துத் தனியாக ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. அதே புனே நிறுவனத்தின் அறிவியலாளர்கள் முன்னின்று தொகுத்தது. நல்ல நூல், யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக அது சொல்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படை ஆண்டுகள் வேறு, ஒன்று கணிப்பு, மற்றது அளவீடு, அதனால் நேராகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் கேள்வி எழத்தான் செய்கிறது. ஒரு நூற்றாண்டில் 0.7 ஏறிய வெப்பம், அறுபது ஆண்டில் இரண்டை நெருங்கும் என்று கணிக்கப்பட்டது எப்படி? மாதிரி வெப்பத்தைச் சற்று அதிகமாகக் கணித்துவிட்டதா? அல்லது வெப்பம் வரவேண்டிய வேகத்தில் வராமல் எதுவோ தடுத்ததா? 2020 நூலிலேயே இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. புகையும் தூசுமாக நாம் காற்றில் கலக்கும் நுண்துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து, பசுங்குடில் வாயுக்கள் ஏற்றிய வெப்பத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டியிருக்கின்றன. நிலப் பயன்பாடு மாறியதற்கும் அதில் பங்கு உண்டு. அப்படியென்றால் நாளை டெல்லியின் காற்றை நாம் சுத்தம் செய்யும்போது, கட்டாயம் செய்யத்தான் வேண்டும், இதுவரை மறைந்திருந்த வெப்பமும் சேர்ந்து வெளிப்படுமா? எவ்வளவு, எந்த மாவட்டத்தில், எந்தப் பயிருக்கு? இந்தக் கேள்விக்கு வானிலையாளர் மட்டும் பதில் சொல்ல முடியாது. காற்று மாசை அளப்பவர், பயிர் அறிவியலாளர், மருத்துவர் எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும். 2009-இல் உங்கள் அமைச்சகம் அமைத்த வலையமைப்பு இதற்காகவே பிறந்தது போல இருந்தது.

ஆனால் நான்கு நிலப்பகுதி, நான்கு துறை என்று வந்த அந்த 2010 அறிக்கைக்கு அதே வழியில், அதே பரப்பில் ஒரு தொடர்ச்சி வரவில்லை. ஐ.நா.வுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளுக்காக நிறுவனங்கள் கூடுகின்றன. உமிழ்வுக் கணக்கு அந்த வழியில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது, அதை மறுக்கவில்லை. தாக்கங்களைப் பற்றிய வேலைதான் துறை துறையாகப் பிரிந்துபோனது. வேளாண்மைக்கு 2011 முதல் நிக்ரா திட்டம் இருக்கிறது; ஐதராபாத்தில் உள்ள மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழியே மாவட்ட வாரியான இடர் வரைபடத்தைத் தயாரித்தது. 2021-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும் மண்டி, குவஹாட்டி ஐ.ஐ.டி.க்களையும் கொண்டு, எந்த மாநிலம் எளிதில் பாதிக்கப்படக்கூடியது என்று வரிசைப்படுத்தியது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பீகார் போன்றவை மேலே வந்தன. 2022 ஜனவரியில் வானிலை ஆய்வுத் துறை தன் பங்குக்கு ஓர் இடர் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது.

ஒவ்வொன்றும் உழைத்துச் செய்த வேலை. ஆனால் ஒரு மாவட்ட ஆட்சியர் தன் மாவட்டத்துக்கு இவை என்ன சொல்கின்றன என்று பார்க்க விரும்பினால், வெவ்வேறு அடிப்படை ஆண்டுகள், வெவ்வேறு மாதிரிகள், 'பாதிப்பு' என்பதற்கே வெவ்வேறு அளவுகோல்கள் என்று திணற வேண்டியிருக்கும். ஒன்றை ஒன்று மறுக்கும் இடத்தில் எதை எடுத்துக்கொள்வது என்று சொல்ல ஆளில்லை. 2014-இல் உங்கள் அமைச்சகத்தின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நீங்கள்தான் என்று நம்புகிறேன்.

இன்னொன்றை என் ஊர் சார்பில் சொல்லியாக வேண்டும். நான்கு நிலப்பகுதிகளில் தக்காணப் பீடபூமி இல்லை. கங்கைச் சமவெளியும் ராஜஸ்தானும் இல்லை. மராத்வாடா, புந்தேல்கண்ட், அனந்தபூர், ராயலசீமையின் மற்ற மாவட்டங்கள், நம் தருமபுரி, கிருஷ்ணகிரி எதுவும் இல்லை. முதல் முயற்சியில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்பது புரிகிறது. மலையும் கடலும் வடகிழக்கும் முதலில் பாதிக்கப்படும் என்று தேர்ந்தெடுத்ததில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தியாவின் மானாவாரி விவசாயிகளில் பெரும்பாலோர் வாழும் நிலம் அந்தச் சுற்றில் விடுபட்டது, அடுத்த சுற்று வராமலே போனது. தண்ணீருக்காகப் புலம்பெயர்பவர்கள் இந்த நிலத்திலிருந்துதான் போகிறார்கள்.

சேர்க்கப்பட்ட இடங்களிலும் அன்றைய கருவியின் எல்லை தெரிகிறது. பிரெசிஸ் மாதிரியின் ஒரு கட்டம் 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர். மழை கொட்டும் வால்பாறையும் மழை மறைவில் கிடக்கும் பொள்ளாச்சியும் ஒரே கட்டத்துக்குள் விழக்கூடிய அளவு அது. இரண்டுக்கும் ஒரே சராசரி என்றால் தேயிலைக்காரருக்கும் உதவாது, தென்னைக்காரருக்கும் உதவாது. இன்று இதைவிட நுணுக்கமான மாதிரிகள் இந்தியாவிலேயே ஓடுகின்றன. அதே கேள்விகளை அவற்றிடம் மீண்டும் கேட்க வேண்டிய நேரம் இது.

வடகிழக்குப் பருவமழையைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். தேசிய அறிக்கைகள் பருவமழை என்றால் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதைத்தான் பேசுகின்றன. 1951 முதல் 2015 வரை அந்தக் கோடைப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்ததாக 2020 நூல் சொல்கிறது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு அதிகம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவது. 2015-இல் அந்த மழை சென்னையை மூழ்கடித்தது. மறு ஆண்டே இயல்பை விட 62 விழுக்காடு குறைந்து, மாநிலமே வறட்சியில் தவித்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, அந்தப் பகுதியின் ஓராண்டு மழைக்கும் மேல். இப்படி ஊசலாடும் பருவத்தை நாடு தழுவிய சராசரிக்குள் ஓரமாக வைத்துவிட்டுப் போவது சரியில்லை. அடுத்த மதிப்பீட்டில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டும்.

2010 அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது கடல் பகுதி. மலபார்க் கரையின் மீனாக இருந்த மத்தி, கடல் சூடேறச் சூடேற வடக்கேயும், கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கும் பரவியதை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் நீண்டகாலப் பதிவுகள் காட்டின. 1990-களிலிருந்து தமிழ்நாட்டுக் கரையில் மத்தி வரத்து கூடியது மீனவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். கானாங்கெளுத்தி இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. இறங்குதுறைகளில் பல பத்தாண்டுகள் நின்று, எந்த மீன் எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்தவர்களின் உழைப்பு அது. அந்தப் பதிவேட்டையும் கடல் வெப்ப அளவையும் ஒருவர் இணைத்துப் பார்த்ததால்தான் சங்கதி வெளியே வந்தது. இந்தியாவில் இப்படிப் பதிவேடுகள் ஏராளம். வனத்துறையிடம், தேயிலை, காப்பித் தோட்டங்களில், அரசு மருத்துவமனைகளில், பொதுப்பணித் துறையின் அணைக் கணக்கில் எல்லாம் உறங்குகின்றன. இவற்றை இணைக்க நிரந்தரமாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் மையம்.

நிரந்தரம் என்றால் சட்டம் வேண்டும். ஓர் அமைச்சர் ஆர்வமாக இருந்தால் தொடங்குவதும், அவர் மாறினால் தேய்வதுமாக இருக்கக் கூடாது. பிரிட்டனின் 2008 காலநிலைச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடர் மதிப்பீட்டை நாடாளுமன்றத்தில் வைக்கக் கட்டாயப்படுத்துகிறது. 2012, 2017, 2022 என்று தவறாமல் வந்தது. ஆட்சிகள் மாறின, அறிக்கை நிற்கவில்லை. அமெரிக்காவில் 1990-லேயே நான்காண்டுக்கு ஒருமுறை தேசிய மதிப்பீடு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2000-இல் முதல் அறிக்கை வந்தபின் அடுத்தது இழுத்தடிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன; 2007-இல் நீதிமன்றம் அரசுக்குக் கெடு விதித்தது. சட்டத்தில் 'நான்கு ஆண்டு' என்று எழுதியிருந்ததால்தான் குடிமக்களால் கேட்க முடிந்தது.

அதே அமெரிக்காவில் 2025 ஏப்ரலில், ஆறாவது மதிப்பீட்டுக்காக உழைத்துக்கொண்டிருந்த ஏறக்குறைய 400 பேரை அரசு விடுவித்துவிட்டது. சில நாட்களிலேயே அங்குள்ள புவி இயற்பியல் ஒன்றியமும் வானிலையியல் சங்கமும் சேர்ந்து, அந்த ஆய்வுகள் வீணாகாமல் தாங்கள் வெளியிடுவதாக அறிவித்தன. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. சட்டம் மட்டும் போதாது. வலையமைப்பின் வேர் பல்கலைக்கழகங்களிலும், அறிவியல் கழகங்களிலும், மாநிலங்களிலும் இருக்க வேண்டும். டெல்லியில் ஒரு கையெழுத்தால் கலைக்க முடியாதபடி அது பரவியிருக்க வேண்டும். அப்புறம், அறிக்கையின் முடிவுகளை அரசு மதிப்பாய்வு செய்யலாம், மாற்றி எழுத முடியாது என்பதும் விதியாக வேண்டும். பனிப்பாறை விவகாரத்தில் கட்டுரையை அமைச்சகமே வெளியிட்டு அமைச்சகமே வாதாடிய நிலை திரும்ப வரக் கூடாது.

சட்டத்துக்கான அடிப்படையை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே போட்டுவிட்டது. கானமயில் பாதுகாப்பு தொடர்பான வழக்கில் 2024-இல் அளித்த தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. இதற்கென்று இந்தியாவில் ஒருங்கிணைந்த சட்டம் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. அந்த உரிமை அனந்தபூர் நிலக்கடலை விவசாயிக்கும் உண்டு. தன் பகுதியில் என்ன மாறியது, எவ்வளவு மாறியது என்று அரசின் ஏற்புடைய அளவீடு எதுவும் கையில் இல்லாமல் அவர் எந்த நீதிமன்றத்தில் போய் அந்த உரிமையைக் கேட்பார்?

மாநிலங்களை வெறும் பெறுநர்களாக வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. கடற்கரை மேலாண்மைக்கான உங்கள் தேசிய மையமே சென்னையில்தான் இருக்கிறது. இவர்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். மாவட்ட அத்தியாயங்களை அவர்கள் எழுதட்டும், அந்தந்த மொழியிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தில் நானூறு பக்கம் எழுதி முடித்தபின் நான்கு பக்கச் சுருக்கத்தை மொழிபெயர்ப்பது போதாது. வேளாண் விரிவாக்க அலுவலரும், ஊராட்சித் தலைவரும், என் வகுப்பு மாணவியும் படித்துக் கேள்வி கேட்கும்படி இருக்க வேண்டும். தவறு இருந்தால் அந்த மண்ணில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

சட்டம் வர நாளாகும் என்று தெரியும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. 2010 அறிக்கைக்காகக் கணக்கிட்ட கட்டவாரியான வெப்பம், மழை, பயிர், காடு குறித்த கணிப்புத் தரவுகள் முழுவதையும், அன்றுமுதல் இன்றுவரை அதே கட்டங்களில் வானிலைத் துறை பதிவு செய்த அளவீடுகளோடு சேர்த்து, ஒரே இடத்தில், கட்டணமின்றி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். அன்றைய ஆசிரியர் குழுவில் இன்றும் பணியில் இருப்பவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் அழைத்து, ஒப்பிடுவதற்கான வழிமுறையை எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்கு அமைச்சரவை ஒப்புதல் வேண்டியதில்லை. தரவு கிடைத்தால் நாடெங்கும் உள்ள புவியியல், வேளாண்மை, புள்ளியியல் துறைகளின் முதுகலை மாணவர்களே ஆளுக்கொரு மாவட்டமாக எடுத்துக்கொண்டு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் துறை தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் எடுத்துக்கொள்ளத் தயார்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு புவியியல் ஆசிரியர்